நடு வரிசையின் மஞ்சள்

மார்ச் 28

அக்கா அவர்களின் மேலான சமூகத்துக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது யாதெனில், நம் குளியலறையில் நீ கல்லூரியில் சேர்ந்த காலம் முதல் ஓய்வின்றிப் பணியாற்றிய நீல வாளியின் கைப்பிடி இன்று காலை இயற்கை எய்தியது. வாளியார் தற்போது குழாயடியில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறார். இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துத் தூக்கினால் இன்னும் சேவை செய்வார். மலர்வளையம் வேண்டாம், புது வாளி போதும் என்று அம்மா கேட்டுக்கொள்கிறாள்.

இந்தச் சோகத்தை போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாயே. ஈமெயில் போட்டேன், கிணற்றில் போட்ட கல். அம்மா போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே நின்று இரண்டு பேர் வசனத்தையும் அவளே பேசுவாள். கடைசியில் தபால்பெட்டிதான் கதவைத் திறந்தது. தபால்காரரை பிளாக் பண்ண உன்னால் முடியாது.

உன் கோபத்தின் காரணம் தெரியாத பச்சைக்குழந்தை இல்லை நான். உன் ஆராய்ச்சிக்கூடத்தில், வெதுவெதுப்பாக வைத்திருக்கும் அந்த அலமாரிக்குள் உன் பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதன் மூடியில் மார்க்கரால் ஒரு மீசைக்காரனை வரைந்து, கீழே 'கொலைகாரர் சங்கம். உறுப்பினர் அல்லாதோர் உள்ளே வரக்கூடாது' என்று எழுதினேன். உள்ளே இருப்பது என் ரத்தத்திலிருந்து பிரித்த இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று சொன்னது நீ. கொல்லிகள் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தேன், அவ்வளவுதான். அதற்கு, ஒரு வாரம் தங்க வந்தவனை இரண்டாம் நாள் மாலையே பஸ் ஏற்றிவிட்டாய். கொலைகாரர்களை ராத்திரி முழுக்கக் கதகதப்பாக வைத்துக்கொள்கிறாய். கூடப்பிறந்தவனுக்கு ஜன்னல் சீட்டுகூடப் பிடித்துத் தரவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். இன்று காலை நீ அம்மாவிடம் பேசியதில் ஒரு தகவல் கசிந்தது. மற்றவர்களின் அணுக்கள் மந்தமாக உட்கார்ந்திருந்த இடத்தில் என்னுடையவை மட்டும் பொங்கி எழுந்தனவாம். உங்கள் மேடம் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ரத்தம் எடுக்கும்போது நர்ஸ், "பயமா இருந்தா அந்தப் பக்கம் பாத்துக்கோ தம்பி" என்றார். நான் ஊசியையே முறைத்தேன். ஊசிதான் அந்தப் பக்கம் பார்த்தது. "ரெண்டு வாரத்துல காய்ச்சல், சளி ஏதாவது வந்துச்சா?" என்று நீ போலீஸ் குரலில் கேட்டாய். "காய்ச்சலா? அது என்னைப் பாத்தா தெருவை மாத்திக்கும்" என்றேன். நர்ஸ் சிரித்தார். உனக்குச் சிரிப்பு வரவில்லை. உனக்கு எப்போது வந்திருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள்: ஒன்று, கட்டுரை வெளியானால் என் பெயர் உன் பெயருக்கு முன்னால் வர வேண்டும். ரத்தம் சிந்தியவன் நான், மை சிந்தியவள்தான் நீ. இரண்டு, என் நம்பரைத் திறந்துவிடு. மற்றவற்றை யோசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தம் ஈந்த வள்ளல்
வாலு


ஏப்ரல் 2

டேய்,

வாளிக்கு என் அனுதாபம். உனக்குக் கிடையாது.

அம்மா உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள். மீதியை நான் சொல்கிறேன். கிண்டலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் படி.

கொல்லி அணுவின் மேல்பரப்பில் ஏற்பிகள் என்று சில இருக்கின்றன. கைகள் என்று வைத்துக்கொள். கெட்டுப்போன அணு ஒன்று அந்தக் கையில் சிக்கினால், கொல்லி அதைக் கொன்றுவிடும். அது ஒரு வேலை. இன்னொரு வேலை, இன்டர்ஃபெரான் என்கிற பொருளை வெளியே கொட்டுவது. அது கூப்பாடு மாதிரி. அந்தக் கூப்பாட்டைக் கேட்டு மற்ற அணுக்கள் எல்லாம் ஓடிவரும். கொல்வதற்கு இந்த அணு அதிகம் யோசிப்பதில்லை. கூப்பாடு போடத்தான் யோசிக்கும். காரணமில்லாமல் கத்தினால் ஓடிவந்த கூட்டம் உடம்பையே நாசம் பண்ணிவிடும். அதனால் சும்மா இருக்கிற ஓர் அணுவின் ஒரு கையை மட்டும் இழுத்தால் அது அநேகமாகக் கத்தாது. இரண்டு கையைச் சேர்த்து இழுத்தால்தான் கத்தும். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது, எப்போது தளர்கிறது, இதுதான் நான் இரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பது.

நீ மீசை வரைந்த தட்டில் மூன்று வரிசை. மேல் வரிசைக் குழிகளில் எந்தக் கையையும் இழுக்க ஒன்றும் கிடையாது. நடு வரிசையில் ஒரு கையை மட்டும் இழுக்கும் பொருள் தடவியிருக்கும். கீழ் வரிசையில் இரண்டையும் இழுக்கும் பொருள். அணுக்களை அதில் விட்டு, மறுநாள் அந்தத் திரவத்தை எடுத்துச் சோதிப்போம். இன்டர்ஃபெரான் எவ்வளவோ அவ்வளவு மஞ்சள். உனக்கு முன்னால் ரத்தம் கொடுத்த எல்லோருக்கும் மேலே நிறமில்லை, நடுவில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும், கீழே நல்ல மஞ்சள். உன் தட்டில் மேலே நிறமில்லை. நடு வரிசை கீழ் வரிசைக்குச் சமமாக மஞ்சள்.

மேடம் அன்றைக்கே தேர்வுக் குழுவிடம் சொல்லிவிட்டார். மே 9 அன்று குழு முன்னால் நான் இதைக் காட்ட வேண்டும். என் வேலை மே மாத இறுதியோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்பாவின் நிபந்தனை உனக்கும் தெரியும். "ரெண்டு வருஷம் பாரு. நிலைக்கலைன்னா வந்து கடையைப் பாத்துக்கோ." ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நின்று மற்றவர்களின் சான்றிதழை நகலெடுக்கவா நான் இவ்வளவு படித்தேன்.

இப்போது மேடம் அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறார். மூடியில் படம் போட்ட பையன் மூடிக்குக் கீழே என்ன செய்தான்? நியாயமான கேள்வி. அன்று காலையெல்லாம் நீ எங்கள் சொட்டுக்குழலை எடுத்து, நிறத்தண்ணீரை உறிஞ்சி, என் கூட வேலை பார்க்கும் கண்ணாடிக்காரரின் ஷூவில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தாய். அதே குழலால் கீழ் வரிசையிலிருந்து எடுத்து நடு வரிசையில் விட்டிருந்தால் நடு வரிசை மஞ்சளாகத்தான் வரும்.

தட்டைத் திறந்தாயா? ஏதாவது கலந்தாயா? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

உன் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மா கொஞ்சம் ஃப்ரீசரில் இருக்கிறது. அந்தக் குப்பிக்கும் நீ மீசை வைக்கவில்லை என்று நம்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

கனம் நீதிபதி அவர்களுக்கு,

தீர்ப்பு எழுதிவிட்டு விசாரணைக்குக் கூப்பிட்டதற்கு நன்றி.

பதில் சொல்வதற்கு முன்னால் எதிர்த்தரப்பு ஒரு சாட்சியத்தைப் பதிவு செய்கிறது. அன்றைக்கு மேடம் மூடியைப் பார்த்து "இது யாரு வேலை?" என்றதும், கண்ணாடிக்காரர், நர்ஸ், தரை துடைக்க வந்தவர் எல்லோரும் நிற்கும்போது நீ என்ன சொன்னாய்? "இதை இங்க கூட்டிட்டு வந்தது என் தப்பு மேடம்." இதை. கால் ஆடும் ஸ்டூலைச் சொல்வது போல. 'இவனை' என்று சொல்ல ஓர் எழுத்துதான் கூட. அதைச் சேர்க்க உனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் பஸ் நிலையம். ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கி ஜன்னல் வழியாகத் திணித்தாய். பஸ் கிளம்பும்வரை போனையே பார்த்துக்கொண்டு நின்றாய். முக்கியமான வேலை போல என்று நினைத்தேன். பாதி வழியில் நான் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, அங்கே நின்று என்னை பிளாக் பண்ணிக்கொண்டிருந்தாய் என்று.

உன் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொல்ல யோசிக்காத ஆள், வாயைத் திறக்க மட்டும் யோசிப்பான் என்று எழுதியிருக்கிறாய். அணுவைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு உன் சுயசரிதையை எழுதிவிட்டாய்.

சரி. ஒரே வார்த்தை கேட்டாய். தருகிறேன்.

ஆமாம்.

விவரம் வேண்டுமா? கீழ் வரிசையிலிருந்து எடுத்தேன், நடு வரிசையில் விட்டேன். சொட்டுச் சொட்டாக, ரசித்து. கை நடுங்கவே இல்லை. இரண்டு வருஷமாக நீ திறக்க முடியாத பூட்டை நான் இரண்டு நிமிஷத்தில் திறந்தேன். மீசை வெறும் கையொப்பம். கலைப்படைப்பு அடியில் இருந்தது.

கடையில் இரண்டாவது மெஷின் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உட்காருகிற இடத்தில் கொஞ்சம் கிழிந்திருக்கும், பார்த்து உட்கார். பேப்பர் சிக்கினால் பின்பக்கக் கதவைத் திறந்து உருவ வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவளுக்குப் பழக ஒரு வாரம் ஆகலாம்.

இப்படிக்கு,
இது


ஏப்ரல் 11

உன் கடிதத்தை மேடத்திடம் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து நல்லாயிருக்கு" என்றார்.

அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மே 9 அன்று காட்டுவதற்கு என்னிடம் இப்போது எதுவும் இல்லை. பழைய தட்டுகள் இருக்கின்றன. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைத் தெரிந்தபடி காட்டும் தட்டுகள்.

நீ ஒன்று தெரிந்துகொள். ஒரே ஏற்பியை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் அணு என்ன செய்யும் என்றும் நாங்கள் பார்த்திருக்கிறோம். கொஞ்ச நேரத்துக்குப் பதில் இருக்கும். பிறகு அந்த ஏற்பியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கும் பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் வராது. செத்துப்போகாது. உயிரோடுதான் இருக்கும். உனக்கு மட்டும் பதில் இருக்காது.

பற்பசைக் குழாய்க்குள் நீ உப்பு அடைத்தபோது கத்தினேன். முதல் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய காலையில் செருப்புக்குள் பசை தடவி வைத்தாயே, அப்போதும் கத்தினேன். கண்ணாடிக்காரரின் ஷூவுக்குக் கத்தவில்லை, நானே துடைத்துவிட்டேன். இப்போது இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை என்பது எனக்கே விசித்திரமாக இருக்கிறது.

இனிமேல் எழுதாதே.


ஏப்ரல் 15

அக்கா,

எழுதாதே என்று எழுதினால் எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். கிழிப்பதாக இருந்தால் கடைசி வரிவரை படித்துவிட்டுக் கிழி.

நான் கலக்கவில்லை.

தட்டைத் திறக்கவே இல்லை. அலமாரிக் கதவைத் திறந்தேன், மூடியின் மேல் வரைந்தேன், மூடினேன். அந்தக் குழலைப் பிடிக்கவே எனக்கு ஒழுங்காக வராது. கண்ணாடிக்காரரைக் கேள். நான் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைக் குறிவைத்தேன், அவர் ஷூவில் போய் விழுந்தது. ஒரு காலண்டரை அடிக்க முடியாதவன், பொத்தான் அளவுக் குழியில் சொட்டுச் சொட்டாக விட்டேன் என்றால் நம்பிவிடுவாயா?

நம்பிவிட்டாய். அதுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டில் தீப்பிடித்தது என்று நான் கத்தினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாய். பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கினேன் என்றபோது அந்த விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பதினாறு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையும் நம்பாதவள், நான் திருடன் என்று சொன்னதை மட்டும் ஒரே மூச்சில் நம்பி, அதைக் கொண்டுபோய் மேடத்திடமும் காட்டியிருக்கிறாய். ஒரு தடவை, "டேய், நிஜமாவா?" என்று கேட்டிருக்கலாம். கேட்க ஒரு ஸ்டாம்பு போதும்.

நான் அப்படி எழுதியது தப்பு. 'இது' என்று சொன்ன எரிச்சலில் எழுதினேன். நீ உடனே போய் முடிவையே திரும்பப் பெறுவாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ எதற்கும் உடனே எழுந்து ஓடும் ஆள் இல்லையே.

ஒரு வழி இருக்கிறது. மறுபடி ரத்தம் எடு. இந்த முறை தட்டை எங்கே வேண்டுமானாலும் பூட்டி வை, மார்க்கர் எல்லாவற்றையும் நீயே ஒளித்து வை, என்னை வாசலிலேயே நிறுத்து. அப்பாவிடம் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, அக்காவுக்கு இன்னொரு தடவை ரத்தம் வேண்டுமாம் என்றேன். கொஞ்ச நேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாள் கடையைச் சாத்திடலாம்" என்றார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன அன்றுகூட அவர் கடையைச் சாத்தியதில்லை, நீதான் ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டு நின்றாய்.

என் அணுக்கள் என்னைப் போல. ஒரு கையை இழுத்தாலே ஊரைக் கூட்டும். இந்த முறையும் நடு வரிசை மஞ்சளாக வரவில்லை என்றால் என்னை வாலு என்று கூப்பிடாதே, பூனை என்று கூப்பிடு. தேதியை அம்மாவிடம் சொல். நீ என்னோடு பேச வேண்டாம். எனக்கும் ஆசை இல்லை.

வாலு


ஏப்ரல் 27

நீயும் அப்பாவும் வந்த அன்று நான் அறைக்குள்ளேயே இருந்தேன். வேலை இருந்ததென்று அம்மாவிடம் சொன்னேன். வேலை இல்லை.

அப்பா கொண்டுவந்த பை நர்ஸ் வழியாக வந்து சேர்ந்தது. புதுச் சட்டை, என் பழைய தலையணை உறை, கடை முத்திரை குத்திய ஒரு கட்டு வெள்ளைத்தாள். எனக்குத் தாள் இங்கே நிறையக் கிடைக்கிறது. இருந்தாலும் அவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். இந்த முறை நீ ஊசியைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாயாம்.

முடிவு வந்துவிட்டது. ரத்தத்தை நர்ஸ் எடுத்தார், அணுக்களைக் கண்ணாடிக்காரர் பிரித்தார், தட்டு மேடத்தின் அறையில் பூட்டிய அலமாரியில் இருந்தது. நான்கூடத் தொடவில்லை. மேல் வரிசையில் நிறமில்லை. கீழ் வரிசை மஞ்சள். நடு வரிசை எல்லோருக்கும் போலவே, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய நிறம். சந்தேகத்துக்கு இன்னொரு தட்டும் போட்டார்கள். அதிலும் அதேதான். உன் அணுக்கள் பூட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன.

ஆக, உன் 'ஆமாம்' உண்மை. 'கலக்கவில்லை' பொய். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்துபோயிருக்கிறார்.

நான் உன்னை நம்பவில்லை என்று எழுதினாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் கடைசிக் கடிதம் வந்த அன்று மேடத்தின் அறைக்குப் போய், "தம்பி அப்படிச் செஞ்சிருக்க மாட்டான் மேடம். வாய்தான் நீளம், கை சுத்தம்" என்றேன். "பாத்துடலாம்" என்றார். பார்த்தாயிற்று. இன்று தட்டை வெளிச்சத்தில் பிடித்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அது பெருந்தன்மை. என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

போகும்போது அவர் சொன்னது இது. "ஒத்தைக் கையை இழுத்ததுக்கே அணு கத்துதுன்னா, அது முன்னாடியே எங்கயோ சத்தம் கேட்டிருக்கணும். உடம்புல வைரஸ் நுழைஞ்சா மத்த அணுக்கள் கொட்டுற பொருளெல்லாம் சேர்ந்து இதை எழுப்பி விட்டுடும். பூட்டு பாதி திறந்தே கிடக்கும். அப்படி ஒருத்தர் கிடைச்சிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். ஆனா உன் தம்பிதான் கல்லு மாதிரி இருந்தானே." ஆமாம் மேடம், நானே கேட்டேன், காய்ச்சல் அவனைப் பார்த்தால் தெருவை மாற்றிக்கொள்ளுமாம் என்றேன். அவர் சிரித்தார். முதல் தடவையாக எனக்கும் அது ஜோக்காகத் தெரிந்தது.

மே கடைசியில் வருகிறேன். கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறேன். பேப்பர் உருவக் கற்றுக்கொள்கிறேன். உன்னோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஒரே கடைக்குள் அது முடியுமா என்று பார்க்கலாம்.


ஏப்ரல் 30

அக்கா,

இந்தக் கடிதத்தில் அறிவிப்பு, கோரிக்கை, பட்டப்பெயர் எதுவும் இல்லை. விரைவுத் தபாலில் போடுகிறேன். உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். மேடம் சொன்ன இடம் வந்ததும் ஒருவர் நீட்டிய ரேஷன் அட்டைக்குப் பதிலாக என் கையையே மெஷினில் வைத்து நகலெடுத்துவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் இருந்தது.

உன்னிடம் கிளம்புவதற்கு முதல்நாள் சாயந்திரமே ஆரம்பித்துவிட்டது. முதுகெல்லாம் வலி, தொண்டையில் முள். அம்மாவின் மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்துவந்து பஸ்ஸில் ஒன்று போட்டேன். உன் ஆராய்ச்சிக்கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது இன்னொன்று போட்டேன். நீ என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும்போது "என்னடா சுடுது" என்றாய். "வெயில்" என்றேன். அப்புறம் நர்ஸ் முன்னால் நீ கேட்டாய், நான் அந்தத் தெருவை மாற்றும் டயலாக்கை விட்டேன்.

நீ பஸ் ஏற்றிவிட்ட அன்று இரவே படுத்துவிட்டேன். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பிரயாணத்தில் பிடித்ததென்று அம்மா நினைத்தாள். "நல்லா அனுப்பின பிள்ளையை எப்படி அனுப்பிச்சிருக்கா பாரு" என்று உன்மேல் பாய்ந்தாள். நான் மறுக்கவில்லை. அக்காவிடம் சொல்லாதே, பாவம், வேலையாக இருப்பாள் என்று பெரிய மனுஷன் மாதிரி தடுத்துவிட்டேன். நான் நல்லவன் என்று அம்மா இன்றுவரை நம்புகிறாள். கேட்டுப்பார், சொல்வாள். டப்பாவிலும் மாத்திரை குறைந்திருக்கும்.

ஆகவே நான் கலக்கவில்லை என்பதும் உண்மை, இரண்டாம் தட்டில் மஞ்சள் வராததும் உண்மை. நீ ஃப்ரீசரில் வைத்திருக்கும் அந்த முதல் நாள் பிளாஸ்மா இன்னும் இருக்கிறதா? மற்ற அணுக்கள் கொட்டியதெல்லாம் அதில் தெரியுமா? தெரியும் என்றால் அதையே கேள், என்னைக் கேட்காதே. என் பேச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேடத்தின் அறைக்குள் போகாதே. ஒரே ஆளின் ரத்தம், காய்ச்சலோடு ஒரு தட்டு, காய்ச்சல் இல்லாமல் ஒரு தட்டு. அது மே 9-க்கு உதவுமா, இல்லை பொய் சொன்னவனின் ரத்தம் என்று தூக்கிப் போட்டுவிடுவார்களா, எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பியிருப்பாய். ஒரு வாரம் இருக்கலாம் என்று வந்தேன். நீ போன பிறகு வீட்டில் யாருக்கும் கோபமே வருவதில்லை. நான் என்ன செய்தாலும் அம்மா சிரிக்கிறாள், அப்பா மெஷினைப் பார்க்கிறார். செருப்பில் பசை தடவ எனக்கு ஆளே இல்லை.

'ஆமாம்' என்று எழுதியதற்கு எரிச்சல்தான் காரணம் என்று சொல்லியிருந்தேன். முக்கால்வாசிதான் எரிச்சல். மீதி ஒரு கணக்கு. இந்த முடிவு கெட்டுப்போனால் நீ வீட்டுக்கு வருவாய். கேவலமான கணக்கு என்று அப்போதே தெரியும். விடையும் தப்பு என்பது, ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. வராதே. அந்த நாற்காலியை நான் எடுத்துவிட்டேன். உன் இடத்தில் இப்போது தாள் கட்டுகள்.

நர்ஸ் சொன்னது சரி, இரண்டாம் முறை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் முறையும் அப்படித்தான். முதல் முறை கண்ணையும் மூடிக்கொண்டிருந்தேன். நீ குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. நர்ஸின் சட்டைக்கையைப் பிடித்திருந்தேன், அதை அவர் உன்னிடம் சொல்லவில்லை போல. நல்லவர்.

கடைசியாக, வாளி. அது இயற்கை மரணம் இல்லை. அன்று காலை நீ அம்மாவோடு பேசி முடிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். "இரு, அவன்கிட்ட தர்றேன்" என்றாள் அம்மா. நான் கையை நீட்டினேன். நீ போனை வைத்துவிட்டாய். நேரே குளியலறைக்குப் போய் வாளியை ஓர் உதை விட்டேன்.

அதற்குக் கைப்பிடிதான் போனது. எனக்குக் கட்டைவிரல் நகம் போய்விட்டது, இன்னும் முளைக்கவில்லை.

பூனை